மலையை மூடிய மருமகள்

அம்மருட், ஒஸ்லோ
07.03.2004

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

சபாரத்தினம் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மகள் ஆரணியும் நல்ல சுகம். லண்டனில் நீங்களும் அக்காவும் சுகமென்று நானாகவே எண்ணிக்கொள்கிறேன், ஏனென்றால் என் குரல் கேட்டதும் ரெலிபோனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க ஏலாது. வைத்தாலும் அக்கா எடுத்து வாசிப்பா.

ஹங்கேரியில் டொக்டர் படிப்புக்கு இடம் எடுத்தாயிற்று, ஆரணியின் பெட்டியைக் கட்டி அனுப்பு என்று அக்கா மூலம் சொல்லியிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். அந்தப் பெட்டிக்குள் என் பழைய சப்பாத்துகளைப் போட்டுவிட்டேன்.

பனிக்குள் நிற்கிற சீவியம் எங்களோடு முடியட்டும் என்றுதானே அவளைப் படிப்பித்தேன் என்றீர்களாம். அந்தச் சொல் என்னையும் சுட்டது. பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் நீங்களும் நானும் ஒரே மேசையில் விரல் விறைக்க நின்றவர்கள். ஒரு கப்பல் மீனை நான் தனி ஆளாக வெட்டி முடித்ததும், முதலாளி கைதட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாவிட்டாலும் லண்டனில் மாற்றிச் சொல்லவேண்டாம். ஆனால் அங்கே பனி எங்களை வேலை வாங்கியது. இங்கே உங்கள் மகள் பனியை வேலை வாங்குகிறாள். வானம் பெய்யாவிட்டால் பீரங்கி மாதிரி ஒரு மெசினை வைத்து அவளே பெய்விக்கிறாள். லில்லஹாமரில் மூன்று வருடம் படித்தது அதற்குத்தான். ஒஸ்லோ நகரத்துக்கு மேலேயுள்ள பனிச்சறுக்கு மலையில் லிப்டுகளும் சரிவுகளும் அவள் பொறுப்பு. மலை அவளுக்கே சொந்தம் என்று நான் கோயிலில் சொன்னது கொஞ்சம் கூடத்தான். அதற்காக வருந்தவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை வாரத்தில் அவள் வேலையைப் பார்க்கப் போனேன். சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து சறுக்குபவன் மாதிரி, கம்பியில் ஓடும் நாற்காலியில் ஏறினேன். பாதி மலையில் காற்று எழும்பியது. நாற்காலிகள் தொட்டில் மாதிரி ஆட, லிப்ட் நின்றுவிட்டது. நான் இருபது பனை உயரத்தில் தொங்கினேன். ஆரணி அவ்வளவு உயரமில்லை என்பாள். தொங்கியது நான்.

தமிழில்தான் கத்தினேன். அப்போது ஒலிபெருக்கியில் நொஸ்க் மொழி அறிவித்தலுக்குப் பின்னால் அவள் குரல் வந்தது: "மாமா, கத்தாதேங்கோ. கட்டையை ஆட்டாமல் இருங்கோ. நான்தான் நிப்பாட்டினனான். ஆறுதலா இறக்குவன்." மலை முழுக்க எங்கள் தமிழ் கேட்டது, அத்தான். பின் நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரி என்ன சொன்னார்கள் என்று கேட்டா. மனேஜர் என்னிடம் ஆலோசனை கேட்கிறா என்றேன்.

காற்று தணிந்த இடைவெளியில் எல்லோரையும் மெல்ல மெல்ல மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, லிப்டை மூடினாள். நான் கீழே வந்து சேர்ந்தபோது கார் நிறுத்துமிடம் வரைக்கும் சனம். மலையின் முதலாளி ஓடிவந்து திரும்ப ஓட்டு என்றான். இன்றைக்கு இல்லை என்றாள். அப்படியென்றால் லிப்ட்காரரோடு கதைக்கிற றேடியோவைத் தா என்று கையை நீட்டினான். பொறுப்பு என் பேரில் இருக்கும்வரை றேடியோவும் என் கையில்தான் என்றுவிட்டு, மூடியாயிற்று என்ற பலகையைத் தானே கொண்டுபோய் மாட்டினாள். உன் வேலையைப் பற்றித் திங்கட்கிழமை கதைப்போம் என்றான் அவன். அந்த நிமிடம் அவள் உங்களை மாதிரியே நாடியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.

ரெயினில் வீட்டுக்கு வரும்போது ஒரேயொரு கேள்வி. அப்பா ரெலிபோன் எடுத்தவரோ என்று கேட்டாள்.

ஓம், எடுத்தவர் என்றேன். நடந்ததை நான் அப்போதே போனில் சொல்ல, நீங்கள் சிரித்துவிட்டு, "என்ரை பிள்ளை விடமாட்டாள்" என்று சொன்னதாகவும் சொன்னேன். அவள் யன்னல் பக்கம் திரும்பியவள் அம்மருட் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. நீங்கள் கோபிப்பீர்கள். கோபியுங்கள். இன்னொருமுறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

திங்கட்கிழமை வழமைபோல வெளிக்கிட்டுப் போனாள். அதே லிப்டின் சக்கரமொன்று காற்றில் விலகியிருந்ததாம். முதலாளி அவளை விலக்கவில்லை. அடுத்த பருவத்திலிருந்து மலை முழுவதற்கும் மனேஜராக இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். இது என் சேர்க்கை இல்லை, சத்தியம். பிள்ளை இன்னும் ஓம் சொல்லவில்லை. மாதம் முடியுமுன் சொல்லவேண்டும். ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றமுன் ரெலிபோனைப் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் வீட்டில் இருப்பாள். நான் கடைக்குப் போய்விடுவேன், என் குரல் உங்களுக்குக் கேட்காது. ஹங்கேரியைப் பற்றிக் கதைக்காதீர்கள். பிள்ளையைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்கெனவே சிரித்துவிட்டீர்கள், அத்தான். இனிக் கதைப்பது மட்டும்தான் மிச்சம்.

அக்காவின் முழங்கால் நோவு சுகப்பட வேண்டிக்கொண்டு,

பிடிவாதத்தில் உங்களுக்குச் சற்றும் குறையாத மைத்துனன்
சபாரத்தினம்