நீ இயந்திரத்தை நிறுத்திய நாள்

இன்று காலை பெரிய இஸ்திரி இயந்திரத்திலிருந்து ஆஸ்பத்திரி விரிப்புகள் வெளியே வந்தபோது, சூடான பருத்தியின் மணத்தோடு உன் நினைவும் வந்தது. ஜெர்மனியில், ஹம் நகரத்து இந்தச் சலவை ஆலையில் பல வருடங்கள் விரிப்பின் ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான்.

மால்டோவாப் பெண்கள் இங்கே வேலைக்கு வந்த அந்தக் குளிர்காலத்தை நினைக்கிறேன். கூட்டிவந்த முகவர் அவர்களுடைய கடவுச்சீட்டுகளைப் பறித்து வைத்திருந்தார். தொழிற்சங்கக் கூட்டத்தில், எங்களோடு வேலை செய்யும் ஜெர்மன்காரி ஹைகே எழுந்தாள். "இவர்களால்தான் நம் சம்பளம் ஏறவில்லை. நாமே இங்கே அடிமைகள். இவர்களுக்காக ஏன் நிற்கவேண்டும்?"

நீ ஜெர்மன் மொழியில் நிதானமாகச் சொன்னாய்: "நாம் அடிமைகள் இல்லை, ஹைகே. நாளைக்கே வேலையை விட்டுப் போகலாம். என் பூட்டியின் தாயை யாழ்ப்பாணத்தில் காணியோடு சேர்த்து விற்றார்கள். அடிமை முறையை ஒழித்த சட்டம் அவளை விடுவித்தது. பிறகு கூலி கேட்டதற்கு அடித்தார்கள்."

சங்க வகுப்பில் கேட்டதையும் சொன்னாய். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அங்கே அடிமைகள் பறித்த பருத்தி வராமல் ஆலைகள் மூடியபோது, இங்கிலாந்துத் தொழிலாளர்கள் பலர் பசியோடும் அந்த அடிமைகளின் பக்கமே நின்றார்களாம்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கேட்டேன்: "ஏனடி எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நான் எந்த ஊர், ஆரின்ர பிள்ளையெண்டு உன்ர மாமி முதல் நாளே கேட்டவ, சாதி அறியத்தான். பிறகு என்னெண்டு சொல்லுறது?"



மறுநாள் நீ இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெண்களோடு போய் நின்றாய். நான் வந்தேன். சற்றுத் தயங்கி ஹைகேயும் வந்தாள். வேலை நின்றுபோனதால் அன்றே கடவுச்சீட்டுகள் திரும்பக் கிடைத்தன. உன்னை மட்டும் அழுக்குத்துணி பிரிக்கும் ஈரக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் இருமல் தொடங்கியது. நோய்க்குக் காரணம் வேறு என்றார் டாக்டர். என் மனம் இன்னும் ஒப்பவில்லை.

கடைசியாகப் பார்க்க வந்தபோது, விற்கப்பட்ட அந்த மனுசியின் பெயரைக் கேட்டேன்.

"தெரியாதடி. ஆரும் சொல்லேல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டவையோ தெரியாது," என்றாய். அதற்குப் பிறகு உன்னை நான் உயிரோடு பார்க்கவில்லை.

போன கிழமை புதிதாகச் சில பெண்கள் வந்தார்கள். மேற்பார்வையாளர் தலைகளை எண்ணிக்கொண்டு போனார். நான் ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டேன். ஒருத்தியின் பெயர் என் வாயில் வரவேயில்லை. அவள் சிரித்துவிட்டு மறுபடி சொன்னாள். சரியாக வரும்வரை நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.