களத்தில் கேட்ட கேள்வி

ஜனவரி 10, புதன்

மருத்துவ வண்டி வந்தது. வழக்கம்போல மிளகு காயும் களத்தில்தான் வரிசை. நர்ஸ் யமுனா அக்கா உரக்கக் கேட்டார்: “ராதிகா, தினமும் ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியா கண்ணு?” எனக்குப் பின்னால் மாமியார், அவருக்குப் பின்னால் பாதி ஊர். “இல்லீங்க” என்றேன். “அவளுக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறா” என்று அத்தை பெருமையாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பள்ளியில் படிக்கும்போதிருந்தே வலிப்புக்கு மாத்திரை. என் வீட்டுக்காரர் அருள்மொழிக்குத் தெரியும், பெண் பார்க்க வந்தபோதே அவரிடம் சொல்லிவிட்டேன். அத்தைக்குத்தான் தெரியாது. அட்டையிலிருந்து பிதுக்கிப் பெருங்காய டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மாத்திரைகூடப் பெருங்காயம் மணக்கிறது.

ஜனவரி 11

நாள் தள்ளிப் போயிருந்தது. சோதித்துப் பார்த்தேன் — இரண்டு கோடு! சந்தோஷத்தில் அழுதேன். பிறகுதான் நாமக்கல் டாக்டர் சொன்னது நினைவு வந்தது: “குழந்தை வேணும்னா முன்னாடியே சொல்லுங்க, மாத்திரையை மாத்தணும்.” சொல்லவில்லையே. பிள்ளையை ஏதாவது செய்துவிடுமா? யாரைக் கேட்பது?

இன்றைக்கு மாத்திரை போடவில்லை.

ஜனவரி 13

இன்றும் போடவில்லை. காலையில் கை தானாக வெட்டி இழுத்தது. குழம்புச் சட்டி கீழே. “கவனம் எங்க இருக்குது சாமி?” என்றார் அத்தை. கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஐயோ, அடுப்பு மேல விழுந்திருந்தா? ரெண்டு உசுரும் போயிருக்குமே!

ஜனவரி 14

யமுனா அக்கா வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உடனே டாக்டருக்குப் போன் போட்டார். “நீயா நிறுத்துனதுதான் ஆபத்தாம். இப்பவே மாத்திரையப் போடு, இன்னைக்கே வரச் சொல்றாரு. இனிமே அட்டையப் பிரிக்காதே கண்ணு. அவசரத்துக்கு என்ன மாத்திரைன்னு தெரியணுமில்ல?”

“அத்தைக்கு...”

“என்ற வாயில வராது. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நாலு பேரு முன்னால கேட்டேன் பாரு, அது நான் செஞ்ச தப்பு.”

பிப்ரவரி 14, புதன்

மாத்திரை மாறிவிட்டது. பிள்ளைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். பயம் முழுதாகப் போகவில்லை.

வண்டி வந்தது. யமுனா அக்கா இன்று களத்தில் உட்காரவில்லை. பள்ளிக்கூட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். “இதென்ன புதுப் பழக்கம்? நமக்குள்ள என்ன ரகசியம்?” என்று முதலில் சத்தம் போட்டது அத்தைதான்.

உள்ளே போன அத்தை வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. முந்தானையில் எதையோ முடிந்திருந்தார்.

சாயங்காலம் சமையற்கட்டில் மெதுவாகக் கேட்டார்: “காலி டப்பா ஏதாச்சும் இருக்குதா கண்ணு?”

பெருங்காய டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். “அட்டையோடவே வைங்க அத்தை. பிரிக்காதீங்க.”

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுப்பருகே நின்ற என்னை நகர்த்திவிட்டு, தானே குழம்பைக் கிளறத் தொடங்கினார்.