லிவரைத் தொடாத கை

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது. மத்தியானம் ஜல்லி லாரிக்காரர் வருவார். கேட்டுக்கு வெளியே கொட்டச் சொல்லுங்கள்.

நேற்று வீட்டிலிருந்து கேட் வரை பாதையை டிராக்டரால் நிரவும்போது, "மேடு வந்தா பிளேடைத் தூக்குங்க" என்று நான் கத்தியதற்கு, "நீயே ஓட்டிப் பாரு" என்று இறங்கிவிட்டீர்கள். ஓட்டினேன். டிராக்டரின் முன்சக்கரம் மேடேறியதும் பின்னால் மாட்டிய பிளேடு மண்ணைத் தோண்டியது. பதறி, பிளேடைத் தூக்கும் லிவரை இழுத்தால், அதற்குள் மேடு தாண்டிப் பிளேடு அந்தரத்தில் நின்றது. நான் போன தூரமெல்லாம் அலை அலையாக மண்.

நீங்கள் மறுபடி ஏறினீர்கள். லிவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டினீர்கள். பிளேடு மேட்டைச் சீவிப் பள்ளத்தில் போட்டுக்கொண்டே போனது. நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

காலையில் டெலிவரிக்கான ஜன்னல் கண்ணாடிகளை வேனில் அடுக்கிக் கேட் வரை ஓட்டிப் பார்த்தேன். கேட்டை நெருங்கும்வரை ஒரு கண்ணாடிகூட முனகவில்லை. சொல்லத்தான் நடந்து திரும்பி வந்தேன்; எழுப்ப மனசு வரவில்லை.

பி.கு: கேட்டருகே நான் கெடுத்த கொஞ்ச தூரத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். அங்கே கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது. வேண்டுமென்றேதானே?

டிராக்டர் சாவியைத் தேடாதீர்கள், என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் அந்தக் கொஞ்ச தூரத்தை நானே நிரவுகிறேன், கையை மடியில் வைத்துக்கொண்டு.