கள்ளியை அழுக வைத்தது நானில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முட்டிக்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய். நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டைக்கு வருகிறேன்.

நீ விட்டுப்போன உருண்டைக் கள்ளியை நான்தான் அழுக வைத்தேன் என்று தம்பியிடம் சொன்னாயாமே, அப்பா வண்டிக்கு கிரீஸ் அடிக்கிற மாதிரி தண்ணி அடிச்சிருப்பாரு என்று. முப்பது வருஷமாகப் பட்டறையில் இருக்கிறேன், வண்டிக்கு அளவாகத்தான் வைப்பேன், கூடுதலெல்லாம் என் சட்டைக்குத்தான். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் நீ எழுதி வைத்த தாளைப் படித்தேன். வெயில் விழும் ஜன்னல், மாதம் இரண்டு முறை தண்ணீர், அதுவும் மண் காய்ந்த பிறகு. ஆயில் மாற்றினால் வண்டியில் சீட்டு ஒட்டுவோமே, அதுபோல் தொட்டியில் தேதி எழுதி ஒட்டினேன். அப்படியும் போன மாதம் அடிப்பாகம் பழுப்பேறி, தொட்டால் கொழகொழவென்றிருந்தது. ஆயில் பார்க்கிற மாதிரி குச்சியை விட்டு எடுத்தேன், அடிவரை சேறு. அம்மாவைக் கேட்டால் பாத்திரச் சத்தத்தில் காது கேட்கவில்லையாம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், இதில் துப்பறிய வேறு வேண்டியிருக்கிறது.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியவன் மறந்த குடைக்காகத் திரும்பினால், கையில் டம்ளரோடு ஜன்னலோரம் நிற்கிறாள். எனக்கு வந்ததே கோபம், இவ்வளவு பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேனே, கண் தெரியவில்லையா, என் மானமல்லவா போகிறது என்று கத்தினேன். அவள் நிதானமாக, "அவ போன் பண்ணாத நாள்ல கை சும்மா இருக்க மாட்டேங்குது. இதுக்கு ஊத்துனா அவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்த மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்குக் குடையை மறுபடியும் மறந்து, நனைந்துகொண்டே பட்டறைக்குப் போனேன்.

அழுகியதை அறுத்தெறிந்து, மேல்பாதியை ஒரு வாரம் நிழலில் காயவைத்து, மணலும் பொடிக்கல்லும் கலந்து நட்டிருக்கிறேன். வேர் பிடிக்குமோ என்னவோ. இப்போது என் கோபமெல்லாம் உன்மேல்தான். தம்பியோடு பேசி என்மேல் பழிபோட நேரமிருக்கிறது, அம்மாவுக்கு ஐந்து நிமிஷம் இல்லையா? தொட்டியில் புதுச் சீட்டு ஒட்டிவிட்டேன், அதில் தண்ணீர்த் தேதி இல்லை, உன் போன் வந்த தேதி. நேற்றோடு பதினொரு நாள். இந்தப் பாதியாவது பிழைப்பது உன் கையில்.

எந்தக் குறையுமில்லாமல் மகராசியாக இரு. மாலை ஆறு மணிக்கு மேல் அம்மா போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், மறக்காதே. சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது, உன் பிறந்த நாளன்று மட்டும் ஒரு டம்ளர் நானும் ஊற்றினேன்.

இப்படிக்கு,
பாதிப் பழிக்கு மட்டும் சொந்தக்காரனான
உன் அப்பா