அம்மாமார் கூட்டத்துக்கு வந்த அப்பா

18 பெப்ரவரி 2025, செவ்வாய்

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இன்று அம்மாமார் கூட்டம். பதினெட்டுப் பிள்ளைகளில் தக்ஷிகாவுக்காக மட்டும் யாரும் வரவில்லை. நாலு வயதாகியும் பேச்சு சரியாக வராத பிள்ளை. அம்மா நிலக்ஷி குவைத்தில் வீட்டு வேலை. பதிவேட்டில் ‘குடும்பத்துக்கு அக்கறை போதாது’ என்று எழுதினேன்.

19 பெப்ரவரி

எனக்கு உதவியாக இருக்கும் அம்மாக்கண்ணு அக்கா சொன்னார்: “தக்ஷிகா அப்பா நிரோஷன் நேத்து வந்துச்சே டீச்சர். பொம்பளைங்க மட்டும் இருக்கோம்னு வாசல்லயே நின்னுட்டுப் போயிருச்சு.”

யாரோ நிற்பதை நானும் கண்டேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அம்மாமார் வரவும் என்று எழுதி ஒட்டியதே நான்தானே?

20 பெப்ரவரி

பின்னேரம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். நிரோஷன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து பிள்ளையின் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“பரவாயில்லங்க டீச்சர். ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா நான் கூப்பிடறது புள்ளைக்குக் கேக்கல. வலது பக்கம் திரும்பிப் படுத்தா கேக்குது. அது ஏங்க?”

ஒரு வருஷமாக என்னோடு இருக்கிற பிள்ளை. எனக்குத் தெரியலையே — எப்படித் தெரியாமப் போச்சு?

5 மார்ச்

நிரோஷன், தக்ஷிகா, நான் மூவரும் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்க்க வாயெடுத்தேன், அதற்குள் நிரோஷனே சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார்.

வலது காது கேட்காது. இடது நன்றாகக் கேட்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு மாதம் இருமுறை வரச் சொன்னார்கள்.

6 மார்ச்

பதிவேட்டில் அந்த வரியை அடித்தேன்.

23 மார்ச், ஞாயிறு

வேலையில்லாத நாளில் கூட்டம் வைத்தோம். ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் வாங்க’ என்று எழுதியிருந்தேன். அப்பாமார் ஆறு பேர், ஒரு சித்தப்பா. நிலக்ஷி குவைத்திலிருந்து போனில் வந்தார். காது விஷயத்தை நேற்றுத்தான் நிரோஷன் சொன்னாராம்.

“போன்ல கூப்பிட்டாலும் பேச மாட்டா டீச்சர். வலது கையில வாங்கி அந்தக் காதுலயே வச்சிக்குவாளாம். விட்டுட்டு வந்துட்டேன்னு எம்மேல கோவம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேங்க.”

நிரோஷன் போனை வாங்கி மகளின் இடது காதில் வைத்தார். தக்ஷிகா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நாய்க்குட்டி அஞ்சு” என்றாள். பிறகு ஒவ்வொரு குட்டியின் நிறத்தையும் சொல்லத் தொடங்கினாள்.

கூட்டம் அரைமணி நேரம் பிந்தித்தான் ஆரம்பமானது.