முருகனின் ஃபோல்டர்

நவம்பர் 12, செவ்வாய்

என்னோடு ஐ.டி. பிரிவில் இருந்து, கான்ட்ராக்ட் முடிந்து போன முருகனின் லாகினை நேற்று மாலை நான்தான் லினக்ஸ் சர்வரிலிருந்து அழித்தேன். எச்.ஆர். சொன்னதைத்தான் செய்தேன். காலை எட்டு மணிக்கு லைன் சூப்பர்வைசர் தேவி அக்கா போன் செய்தார். "இன்னாப்பா, கம்ப்யூட்டர்ல ரிஜெக்ட் பீஸ் ஏத்துற பக்கமே வரமாட்டேங்குது? பசங்க பேப்பர்ல எழுதிகினு கீறாங்க."

போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் ஃபைல்கள் எல்லாவற்றையும் முருகன் தன் சொந்த ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருந்தான். லாகினோடு அதுவும் போய்விட்டது. பேக்கப்பிலிருந்து மீட்டு, பொதுவான /srv ஃபோல்டரில் வைத்தேன். அங்கே இருந்தால் யார் வந்தாலும் போனாலும் பக்கம் ஓடும்.

மேனேஜர் மேடம் கோபப்படவில்லை. "பாவம், தெரியாம வெச்சிட்டான். உன்னோட கேட் பாஸ் பக்கம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"/srv-லதான் மேடம்."

பொய். அது என் ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது. அதில் பாஸ் எடுக்காமல் ஒரு லாரியும் வெளியே போகாது. நான் தெரியாமல் வைக்கவில்லை; என்னை அனுப்பினால் லாரி நின்று, என்னைத்தான் கூப்பிட வேண்டிவரும் என்று வைத்தேன். மாதக் கடைசியில் என் கான்ட்ராக்டும் முடிகிறது. நீட்டிப்பது பற்றி யாரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனி பஸ் பென்னலூர் தாண்டும்போதுதான் தோன்றியது, முருகனும் தெரியாமல் வைத்திருக்க மாட்டான். ஆனால் இன்று யாரும் அவனுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. எல்லாவற்றையும் மீட்டு வைக்க எனக்கு இரண்டு மணி நேரம்தான் ஆனது.