பெயர் கிழித்த புத்தகங்கள்

ஒக்டோபர் 4, சனி

காலை நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் இடி, பிறகு ஒரேயடியாக மழை. காய்ந்த துணியெல்லாம் மறுபடி ஈரம். அக்காவுக்கு என்மேல் கோபம், மழையை நான்தான் கூப்பிட்டது போல.

பார்மசி மாடியில் வாசகர் கூட்டம். கூட்டம் என்று சொல்ல ஆள் இல்லை. நானும் பார்மசிக்காரர் குணம் அண்ணையும் மட்டும். நடுவில் வழக்கம்போல கரம் போர்ட். மூன்று தமிழர் ஓர் அறையில் சும்மா இருந்து கதைத்தால் விசாரணை வரும், கரம் போர்ட் இருந்தால் விளையாட்டு. சீலனின் யோசனை அது. எங்கள் மூவரில் ஒருவருக்கும் கரம் அடிக்கத் தெரியாது.

இந்த மாதம் சீலனின் முறை. மாதம் ஒருவர் ஒரு விஞ்ஞான நாவலைக் கொண்டுவந்து, மற்றவர்கள் அதை ஏன் வாசிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். முடிவை மட்டும் சொல்லக்கூடாது. அவர் இல்லாத முறையை என்ன செய்வது என்று கு. அண்ணை கேட்டார்.

"நீங்கள் எடுக்கிறியளோ தங்கச்சி? இல்லாட்டி நான் சொல்லட்டோ?"

"இருக்கட்டும் அண்ணை. அவர் வந்து சொல்லட்டும்."

அவர் கரம் காய்களைப் பெட்டியில் போட்டார், எடுத்தார், திரும்பவும் போட்டார். கீழே ஒரு பெண் இருமல் பாணி கேட்கும் சத்தம். மூன்றாவது கதிரை வெறுமையாக இருந்தது. ஆனாலும் இரண்டு பேரும் ஈரக் குடையை மடியில்தான் வைத்திருந்தோம்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

வேலை முடிந்து கொட்டாஞ்சேனை. பஸ்ஸில் நெரிசல், செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

சீலனின் அம்மா கொச்சிக்கடைக் கோயிலில் இருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் மெழுகுதிரி வாசம். பிளேன்டீ போட்டுத் தந்தார். சீலனின் வேலைச் சேட்டு கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிற கிளார்க் அவர். சேட்டுப் பையில் இன்னும் பென்சில்.

ஓகஸ்ட் கடைசியில் நடந்ததை அம்மா திரும்பவும் சொன்னார். ஒவ்வொரு முறையும் முதலில் இருந்துதான் சொல்லுகிறார். நானும் முதல்முறை போலவே கேட்கிறேன்.

"தேத்தண்ணிக் கடைக்காரர் பாத்துக்கிட்டு இருந்தாரு மகள். கொச்சிக்கடைச் சென்றியில ஆமிக்காரங்க மறிச்சாங்க. ஐடென்டிட்டி கார்ட் சரி, வேலைப் பாஸ் சரி. போகச் சொல்லிட்டாங்க. பொறகுதான் பைக்குள்ள அந்தப் பொத்தகத்தைக் கண்டாங்க. அட்டையும் இல்ல, பேரும் இல்ல, உள்ளுக்கு என்னமோ மெசின் படம். இது என்ன பொத்தகம், ஏன் பேரைக் கிழிச்சேன்னு கேட்டாங்களாம்."

இந்த இடத்தில் அவர் எப்போதும் நிறுத்துவார்.

கிழித்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்குவது எல்லாம் ஆங்கில விஞ்ஞான நாவல்கள். அட்டையில் ராக்கெட், குண்டு வெடிப்பு, துப்பாக்கி. கடை வாசலிலேயே அட்டையையும் முதல் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார் சீலன். "அட்டையில ராக்கெட், அடையாள அட்டையில தமிழ்ப் பேர். ரெண்டையும் ஒரே பையில கொண்டுபோக ஏலாது மிஸ்." அந்தப் பயத்தில் நாங்களும் எங்கள் புத்தகங்களைக் கிழித்தோம். கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டோம். ராக்கெட் இருந்திருந்தால் ஒருவேளை ஒரு சிரிப்போடு விட்டிருப்பார்கள்.

அன்று அவரைக் கொண்டுபோனார்கள்; அதிலிருந்து அம்மா ஏறி இறங்காத பொலிஸ், முகாம் இல்லை. எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் பதில். ஒருநாள் நானும் கூடப் போனேன். நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டார்கள். சொந்தம் இல்லை, சிநேகிதம் என்றால் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். ஒரே புத்தகங்களை வாசித்தவர்கள் என்று சொல்ல அங்கே வாய் வரவில்லை. வெளியே நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

விடியற்காலை வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கச் சுற்றிவளைப்பு. தூறல். எல்லாரும் வாசல் படலையடியில். பக்கத்து வீட்டு மாமா பனியனோடு.

வீட்டுக்குள் வந்தது ஓர் ஆமிச் சார்ஜனும் இரண்டு இளம் சிப்பாய்ப் பெடியன்களும். அலுமாரி, அரிசி வாளி, சாமிப் படத்துக்குப் பின்பக்கம். என் தலையணைக்கடியில் சீலன் கடைசியாகத் தந்த புத்தகம். அட்டை இல்லை, முதல் தாள் இல்லை. சார்ஜன் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று.

"கதா பொத்தக்" என்றேன். கதைப் புத்தகம்.

"நம?"

பெயர். எனக்குப் பெயர் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. கொச்சிக்கடைச் சென்றியில் அவர் நின்ற அதே இடத்தில் நானும் நிற்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.  எனக்குத் தெரியாது என்று எந்த மொழியில் சொன்னாலும் பொய்யாகத்தான் கேட்கும்.

அக்கா பின்னால் இருந்து வந்தாள். சலித்துக்கொண்டே, அவளுடைய அரைகுறைச் சிங்களத்தில். "ஆதர கதாவக் மஹத்தயா." காதல் கதை ஐயா. இவள் இன்னும் கலியாணம் கட்டவில்லை, இதுதான் இவளுக்கு வேலை. நான் பார்க்கக்கூடாது என்று அட்டையைக் கிழித்துவிட்டு வாசிக்கிறாள் என்றாள்.

சார்ஜன் சிரித்தார். பெடியன்களும் சிரித்தார்கள். புத்தகம் கட்டிலில் வந்து விழுந்தது.

அவர்கள் போனபிறகு அக்கா குசினிக்குப் போய் நிலத்தில் இருந்துவிட்டாள்.  பிறகு, "அதுக்குள்ள உண்மையா என்ன கிடக்கு? விசர்ப் புத்தகம். அதுக்காகச் சாகப் பாத்தனி."

ஒக்டோபர் 14, செவ்வாய்

செருப்பு தைத்தாயிற்று. பேக்கரியில் பாணுக்கு வரிசை. நேற்றும் இன்றும் மின்வெட்டு.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று அக்கா கேட்டாள். காதில் விழுந்ததை நம்பவில்லை. ஒரு பொய்க்கு அந்தப் பாடு பட்டவள், அதை உண்மையாக்காமல் விடமாட்டாள் போல. அவளுக்கு எழுதிக் கொடுத்தது (பெயர் இல்லாததால் நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள்):

கடல் வற்றின புத்தகம். முதலில் இது. சின்னது, அழ வைக்கும், விஞ்ஞானம் குறைவு. உப்பு விற்கிற கிழவியைக் கவனி.

நித்திரைக் கப்பல். நூறு பக்கம் மட்டும் பொறு, அதற்குப் பிறகு சாப்பாடும் மறந்துபோகும். கு. அண்ணை மூன்று தரம் வாசித்தது.

இரண்டு நிலாப் புத்தகம். எழுத்தாளர் அலட்டல் மன்னன். சண்டை வரும் பக்கமெல்லாம் தாண்டிப் போகலாம். ஆனால் ஊரை விட்டுப் போகிற அத்தியாயத்துக்காக முழுவதையும் மன்னிக்கலாம். அந்த அத்தியாயத்தை எங்களூர் ஆள்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல, ஆள் பனி நாட்டுக்காரன் என்று சீலன் சொன்னார்.

துறைமுகப் புத்தகம். அன்று சார்ஜன் தூக்கிப் பிடித்தது. நான் முடித்ததும் தருகிறேன்.

சரியான பெயர் என்ன என்று அக்கா. வாசித்து முடி, சொல்லுகிறேன் என்றேன். அது சீலனின் சட்டம். பெயரும் எழுதியவரும் அவர் தலைக்குள் மட்டும். புத்தகத்தை முடித்துவிட்டு வந்து, அதைப் பற்றி ஒரு சண்டையாவது பிடித்த ஆளுக்குத்தான் பெயர். பெயரைக் கேட்பதற்காகவே விழுந்து விழுந்து வாசித்த மாதங்கள் உண்டு. துறைமுகப் புத்தகத்தை மட்டும் இழுத்தடித்தேன். அவரைக் கடைசியாகக் கண்டபோது பாதிதான் தாண்டியிருந்தது. "முடிச்சிட்டீங்களா மிஸ்?" "இன்னும் இல்லை." "அப்ப பேரும் இன்னும் இல்ல."

ஒக்டோபர் 17, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை, தலையிடி என்று சொன்னேன். துறைமுகப் புத்தகம் முடிந்தது.

ஒரு நிலாவில் விண்கப்பல்களுக்கு ஒரு துறைமுகம். அங்கே ஒரு கிளார்க் பெண். போன கப்பல் திரும்பும்வரை அதன் இடத்தை வேறு கப்பலுக்குக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு கப்பல் வரவில்லை. அழிந்தது என்று செய்தியும் இல்லை. இடம் நெருக்கடி. மேலதிகாரி கையெழுத்துக் கேட்கிறார். அவள் வேறு வேறு சாட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். "எங்கட வேலைதான் மிஸ், கொஞ்சம் மேல போயிருக்கு" என்றுதான் சீலன் இதைத் தந்தார்.

ஒரு கதையைத் தன் கதையாக வாசிப்பது மட்டமான வாசிப்பு என்பார் அவர். இன்று நான் படு மட்டமாக வாசித்தேன்.

முடிவை இங்கேயும் எழுதமாட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. அவரோடு சண்டை பிடிக்க வேண்டும், நல்ல காரசாரமாக. கதைத்துக் கதைத்துப் பழகிய ஒரு குரல் காதுக்குள் பதில் சொல்லுகிறது, ஆனால் அது நானே சொல்லுகிற பதில். அதுதான் பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் அவர் சொன்னது எது, நான் சொல்ல வைத்தது எது என்று தெரியாமல் போய்விடும்.

ஒக்டோபர் 18, சனி

மழை. பார்மசி மாடி. கு. அண்ணை முகத்தில் ஒரு சந்தோசம், மறைக்கத் தெரியாத மனிசன். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றைக் கரம் போர்ட் மேல் வைத்தார்.

"மருதானையில கிடந்தது தங்கச்சி. உங்கட துறைமுகப் புத்தகம். முழுசு. அட்டையோட. நீங்கள் காட்டின முதல் பக்கம் ஞாபகம், வாசிச்சுப் பாத்தனான், அதேதான். பேர் என்னெண்டால்..."

"அண்ணை, சொல்லாதேங்கோ."

கொஞ்சம் உரத்துவிட்டது. கீழே வேலை செய்கிற பிள்ளை படியில் எட்டிப் பார்த்தாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பெயர் சீலன் எனக்குத் தர வேண்டிய பாக்கி. இவர் சொல்லிவிட்டால் சீலனிடம் கேட்க எனக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் அந்த மனிசனை விரும்பினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் எடுக்கக்கூடாது.

மாத்திரை மட்டை வெட்டுகிற பிளேட்டால் அட்டையையும் முதல் தாளையும் கு. அண்ணை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டினார். மடித்துத் தன் சேட்டுப் பையில் வைத்தார்.

"ஆனா நான் பாத்திட்டன். அதை மறக்க ஏலாது."

"பரவாயில்லை. உங்களோட இருக்கட்டும்."

ஒக்டோபர் 21, செவ்வாய்

சீலனின் அம்மா வெள்ளவத்தைக்கு வந்தார். இத்தனை நாளில் முதல்முறை. இரண்டு பஸ் மாறி, நனைந்து. அக்கா துவாய் கொடுத்தாள்.

விடுதலையாகி வந்த ஒருவர் கோயிலில் சொன்னாராம். தெற்கே ஒரு முகாமில் ஓர் ஆள், வேறு பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்கள், மற்றவர்களுக்குக் கப்பல் கதை சொல்லுகிறான் என்று. அந்தக் கோயில் ஃபாதர் அங்கே பூசைக்குப் போகிறார். நேரே பார்க்க விடமாட்டார்கள். ஆனால் ஒரு வார்த்தையை உள்ளே அனுப்பி, ஒரு வார்த்தையை வாங்கலாம்.

"உன்ட மகன் உசுரோட இருக்கான்னு முன்னமும் ரெண்டு பேரு வந்து சொன்னாங்க மகள். அம்மா பேரு, தெருப் பேரு எல்லாம் சரியாச் சொன்னாங்க. எல்லாம் பொய். அவனுக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்டு கேக்கணும். நான் பெத்தவ, எனக்கு ஒண்டும் யோசிக்க வருதில்ல."

எனக்கு யோசிக்க வேண்டி இருக்கவில்லை. "வசந்தி மிஸ் துறைமுகப் புத்தகத்தின்ர பேரைக் கேட்டவ எண்டு சொல்லச் சொல்லுங்கோ அம்மா."

அவர் அதை மூன்று நான்கு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார், செபம் போல.

பிறகு பார்மசிக்குப் போய் கு. அண்ணையிடம் சொன்னேன். அவர் தன்னையறியாமல் சேட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். சரியான பெயர் வந்தால் அவருக்குத்தான் தெரியும். பிழையான பெயர் வந்தாலும் அவருக்குத்தான் தெரியும்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

அக்கா கடல் வற்றின புத்தகத்தை முடித்துவிட்டாள். உப்புக் கிழவிக்காக அழுதது கண்ணில் தெரிகிறது, ஒத்துக்கொள்ளவில்லை. முடிவு அநியாயம் என்று என்னோடு சண்டை. சண்டை முடிய, பெயரைச் சொன்னேன். அவளுக்கு ஒரே பெருமை.

சாப்பாடு இறங்கவில்லை. பதில் வராவிட்டால் என்ன. பிழையான பெயர் வந்தால் கு. அண்ணையின் முகம் எப்படி மாறும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. அரைநாள் லீவு.

பார்மசி மாடி. நான், கு. அண்ணை, சீலனின் அம்மா. அவர் மூன்றாவது கதிரையில் உட்கார மாட்டேன் என்று சொல்லி, மர வாங்கில் இருந்தார். கு. அண்ணை மடித்த அட்டையைப் பையில் இருந்து எடுத்துக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டார்.

ஃபாதர் போய் வந்துவிட்டார். கேள்வி உள்ளே போனது, பதில் வந்தது. ஆனால் அந்தப் பதில் கிடைத்த கையோடு அங்கிருந்தவர்களை வேறு எங்கேயோ ஏற்றிவிட்டார்கள். எங்கே என்று தெரியாது.

"பேர் என்னவாம் அம்மா?" கு. அண்ணை.

"அதான் மகன் எனக்கு வெளங்கல. பேரு சொல்லலியாம். சிரிச்சானாம். அப்பிடியான எடத்துல சிரிச்சானேன்னு ஃபாதருக்கே ஒரு மாதிரியாம்." அம்மா என்னைப் பார்த்தார். முகத்தில் தோற்றுப்போன களை. "'முடிச்சிட்டாங்களான்னு மொதல்ல கேளுங்க.' அவ்வளவுதானாம். வேற ஒண்டும் இல்ல மகள்."

கு. அண்ணைக்கும் சீலனின் அந்தச் சட்டம் தெரியும்; கையை விரிக்கவில்லை. அட்டையைப் பார்க்காமல் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

முடித்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்றாவது கதிரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.